1849 டக்கட்: உத்ரெக்ட்டா, பீட்டர்ஸ்பர்க்கா?

கேள்வி, 2022 அக்டோபர் 8

நெதர்லாந்தில் வேலை பார்க்கும் என் தம்பி ஒரு தங்கக் காசு வாங்கி வந்திருக்கிறான். ஒரு பக்கம் கவசம் போட்ட சிப்பாய் நிற்கிறான். ஒரு கையில் வாள், இன்னொன்றில் ஏதோ கட்டு. மறுபக்கம் பூவேலை செய்த சதுரத்துக்குள் நாலு வரி எழுத்து. ராஜா தலை இல்லை. மதிப்பும் போடவில்லை. 1849 என்று வருடம் மட்டும் சிப்பாயின் இரண்டு பக்கமும் 18, 49 எனப் பிரிந்து நிற்கிறது. மதிப்பே எழுதாதது எப்படி நாணயமாகும்? இது மெடல் என்கிறேன் நான். அவன் ஒத்துக்கொள்ள மறுக்கிறான். யார் சரி?

2022 அக்டோபர் 9

தம்பிதான் சரி. அது டக்கட் என்ற ஹாலந்துத் தங்க நாணயம். 1586 முதல் இதே சிப்பாய்தான் நிற்கிறான். எடை 3.494 கிராம், ஆயிரத்துக்கு 983 பங்கு தங்கம். நம் பத்தர் கணக்கில் சொன்னால் பத்தரை மாற்றில் பத்தே காலைக் கொஞ்சம் தாண்டும். சவரன் 22 காரட்தான், மாற்றில் டக்கட் அதைவிட உசத்தி. எடையில் மட்டும் அரை சவரனுக்குச் சற்றுக் கீழே.

மதிப்பு போடாததற்குக் காரணம், அது உள்ளூர்ச் செலவுக்கு அடித்ததல்ல. பால்டிக் கரையில் தானியம் வாங்கப் போகிறவனும் லெவான்ட் (கிழக்கு மத்தியதரைக் கடற்கரை) துறைமுகத்துக்குப் போகிறவனும் எடுத்துப் போன காசு. அங்கே இருப்பவனுக்கு நெதர்லாந்துப் பணத்தில் இத்தனை கில்டர் என்று எழுதிக் காட்டி என்ன பயன்? எடையும் மாற்றும் மாறாது என்று தெரிந்தால் போதும், விலையை அவனே போட்டுக்கொள்வான்.

கையில் இருக்கும் கட்டு அம்புக் கட்டு. நெதர்லாந்தின் ஏழு மாகாணங்களுக்கு ஏழு அம்பு. சுற்றி லத்தீனில் 'கொன்கோர்டியா ரெஸ் பார்வே க்ரெஸ்குன்ட்' என்பதைச் சுருக்கி எழுதியிருக்கும். ஒற்றுமை இருந்தால் சின்னதும் வளரும் என்று பொருள்.

என்னிடமும் ஒரு 1849 இருக்கிறது. அதில் எழுத்துகளுக்கு நடுவே குட்டியாக ஒரு தீப்பந்தமும், பாம்பு சுற்றிய மெர்குரியின் கோலும் இருக்கின்றன. கோல், நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகர அக்கசாலையின் (நாணயம் அடிக்கும் இடத்தின்) அடையாளம். தீப்பந்தம் அந்தக் காலத்து அக்கசாலைத் தலைவருடையது. உங்களுடையதிலும் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

2022 அக்டோபர் 9, இரவு

தப்பாகச் சொல்லிவிட்டேன். 1849-ல் தீப்பந்தம் கிடையாது. அது வில்லெம் ராஜா முதலாமவர் காலத்தோடு, 1840 வாக்கில் முடிந்துபோனது. பிறகு லில்லிப் பூ, 1840களின் நடுவில் வாள். இப்போதுதான் காசை எடுத்து மறுபடி பார்த்தேன், வாள்தான். காலையில் ஞாபகத்திலிருந்து எழுதியதால் வந்த வினை.

இந்த வரிசை தெரிந்தால் தேய்ந்துபோன காசிலும் வருடத்தை ஓரளவு பிடித்துவிடலாம். 1870களில் கோடாரி, 1888 முதல் ஈட்டிக்கோடாரி. ஒவ்வொரு தலைவருக்கும் ஓர் ஆயுதமாகக் கொடுத்துக்கொண்டே போனார்கள். கடைசியில் 1909-ல் கடல்குதிரைக்கு மாறிவிட்டார்கள், நல்லவேளை.

2022 அக்டோபர் 16

நிறையப் பேர் 'பெல்கீ' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு பெல்ஜியம் காசு என்று வாதிடுகிறீர்கள். பின்பக்க வரிகளின் பொருள் இதுதான்: பெல்கியா ராஜ்யத்தின் தங்கப் பணம், பேரரசின் சட்டப்படி. லத்தீனில் பெல்கியா என்றால் அந்தத் தாழ்நிலப் பகுதி மொத்தமும். பெல்ஜியம் 1830-ல் தனியாகப் போன பிறகும் நெதர்லாந்துக்காரர்கள் எழுத்தை மாற்றவில்லை. பேரரசு என்பது பழைய ஜெர்மானியப் பேரரசு. அது 1806-லேயே காலி. ஆக, 1849-ல் அடித்த காசில் இருக்கும் இரண்டு முகவரியிலும் ஆள் இல்லை. மாற்றினால் தூரதேசத்து வியாபாரி சந்தேகப்படுவான் என்ற பயம்தான். வாங்குகிறவன் எழுத்தையா படிக்கிறான், உருவத்தைப் பார்த்துப் பழகியிருக்கிறான்.

அந்தச் சிப்பாயை ஓரங்கட்டியவர் ஒருவர் உண்டு. நெப்போலியனின் தம்பி லூயி 1806 முதல் 1810 வரை ஹாலந்தில் ராஜாவாக இருந்தபோது தன் தலையைப் போட்டு டக்கட் அடித்தார். அவர் போனதும் சிப்பாய் திரும்பி வந்துவிட்டான்.

2022 அக்டோபர் 23

போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருந்தார்கள். நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

என் காசு 3.47 கிராம். கிராமில் நூறில் இரண்டு பங்கு குறைவு. தேய்மானம் என்று விட்டிருக்கலாம், மனசு கேட்கவில்லை. தராசில் தண்ணீர் டம்ளரை வைத்து, பூஜ்யமாக்கி, காசைத் தையல் நூலில் கட்டி, அடியில் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன். தராசு காட்டும் எடைதான் அது விலக்கிய தண்ணீரின் அளவு. 0.19 காட்டியது. 3.47-ஐ 0.19-ஆல் வகுத்தால் 18.26. டக்கட் என்றால் 19 பக்கம் வரவேண்டும். அன்றிரவு தூக்கம் போச்சு.

2022 அக்டோபர் 24

காலையில் எழுந்து மறுபடி. 0.18. வகுத்தால் 19.28. மறுபடி, 0.19. மறுபடி, 0.18.

அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. என் தராசு 0.01 கிராமுக்குக் கீழே காட்டாது. விலகும் தண்ணீரே அவ்வளவுதான் என்றால் ஒரு இலக்கம் மாறியதும் விடை ஒன்று தாவுகிறது. தேங்காய் நிறுக்கும் தராசில் ஏலக்காய் நிறுத்த கதை.

2022 நவம்பர் 5

நண்பன் ஒருவனின் ஆய்வகத் தராசு, ஆயிரத்தில் ஒரு கிராம் வரை காட்டும். 0.183. வகுத்தால் 18.96. சரியான டக்கட் தங்கம்.

யாரோ டங்ஸ்டன் பற்றி எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்: அதன் அடர்த்தி 19.25, தங்கத்தோடு ஒட்டி நிற்கும். அதனால் தண்ணீர்ச் சோதனையை மட்டும் நம்பக்கூடாது. ஆனால் டங்ஸ்டன் கெட்டியான, சட்டென நொறுங்கும் உலோகம். இவ்வளவு மெல்லிய காசில் அதை ஒளித்துவைத்து அச்சு அடிப்பது லேசான வேலை இல்லை. பெரிய கட்டிகளில்தான் அந்தப் பயம் வேண்டும்.

2022 நவம்பர் 13

கும்பகோணத்தில் என் தாய்மாமா பத்தர். வீடியோவில் காசைக் காட்டினேன். காசைப் பார்த்த முதல் நிமிடத்தில், "மாப்ளே, சிப்பாய் தலைக்கு மேல ஓரத்துல திருப்பு. இன்னும். அங்கேயே நிறுத்து. பொடி வச்சிருக்கான் பாரு" என்றார். பொடி என்றால் பத்தர் பேச்சில் பற்றவைக்கும் கலவை.

நான் ஆறு வாரமாக லென்ஸ் வைத்துப் பார்க்கிறேன், கண்ணில் படவில்லை. உச்சியில், சாய்ந்த கோடுகள் ஓடும் விளிம்பில் ஒரு நெல் நீளத்துக்குக் கோடுகள் இல்லை. வழுவழுப்பாக, கொஞ்சம் வெளிறிய நிறத்தில். அங்கே ஒரு காலத்தில் வளையம் பற்றவைத்து, யாரோ கழுத்தில் போட்டிருந்து, பிறகு வளையத்தை எடுத்து அரம் போட்டிருக்கிறார்கள். குறைந்த எடையில் பாதி அங்கே போயிருக்கும். விற்றவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அப்புறம் மாமா, உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்தால் மாற்று தெரிந்துவிடுமே, எதற்கு டம்ளரும் நூலும் என்றார். பழைய காசை உரசக்கூடாது மாமா, விலை போய்விடும் என்றேன். "உரசாத தங்கத்த எப்படிடா நம்புற?" என்று கேட்டுவிட்டு, கடைக்கு ஆள் வந்துவிட்டதாக வைத்துவிட்டார்.

2022 நவம்பர் 20

இப்போது பெரிய சமாச்சாரம். இதுவரை தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், ஏனென்றால் எனக்கே இது இன்னும் செரிக்கவில்லை.

தங்கம் சரி, எடை சரி, வாளும் கோலும் சரி. அப்படியும் இந்தக் காசு உத்ரெக்டில் அடித்ததாக இருக்க வேண்டியதில்லை. 1735 முதல் 1868 வரை ரஷ்யப் பேரரசு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அக்கசாலையில் ஹாலந்து டக்கட்டை ரகசியமாக அடித்துக்கொண்டிருந்தது. கள்ள நோட்டுக்காரன் வேலை இல்லை, அரசாங்கமே செய்தது. வெளிநாட்டில் போர் செய்யும் படைக்குச் சம்பளம் தரவும், காக்கசஸ், மத்திய ஆசியப் பக்கம் செலவழிக்கவும் ஜாரின் காசைவிட ஹாலந்துக் காசுக்குத்தான் மரியாதை. அரசுக் காகிதங்களில் அதன் பெயரையே எழுதமாட்டார்கள். 'தெரிந்த நாணயம்' என்று குறிப்பிடுவார்கள். நம் வீடுகளில் பாம்பை 'பூச்சி' என்பதுபோல.

மாற்றிலும் எடையிலும் ஏமாற்று கிடையாது. அதுதான் விசேஷம். கள்ளக்காசு என்றால் தங்கத்தைக் குறைத்து லாபம் பார்ப்பான். இவர்கள் தங்கத்தை முழுசாகப் போட்டு, பெயரை மட்டும் திருடினார்கள். கடைசியில் நெதர்லாந்து எதிர்ப்புத் தெரிவித்து 1868-ல் நின்றது.

இதில் நமக்கு வலிக்கும் இடம்: 1849 என்ற வருடத்தைப் போட்ட அச்சையே அவர்கள் பின்னால் பல வருடம் வைத்து ஓட்டினார்கள். சந்தையில் அதிகம் கிடைப்பதும் 1849தான். நீங்களும் நானும் வைத்திருப்பது அதே.

2022 நவம்பர் 21

"அப்படியானால் என் தம்பி வாங்கியது போலியா" என்று கேள்வி கேட்டவர் கோபமாக எழுதியிருக்கிறார். போலி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அசல் என்றும் சொல்ல வாய் வரவில்லை. சேகரிப்பவர்கள் பீட்டர்ஸ்பர்க் காசு என்று தெரிந்தால் கூடுதல் விலை கொடுத்து வாங்குவார்கள், அது வேறு விஷயம்.

2022 டிசம்பர் 4

ரஷ்ய மக்கள் இதற்கு வைத்த செல்லப் பெயர்களைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்று 'அராப்சிக்'. கவசச் சிப்பாயை 'அராப்', அதாவது கறுப்பினப் பையன் என்று எண்ணிவிட்டார்கள். இன்னொன்று அம்புக் கட்டை வைத்து வந்தது, 'புச்கோவி', கட்டுக்காசு. சிரித்தேன். நம் ஊரிலும் இதே கூத்து நடந்திருக்கிறது. வெனிஸ் டக்கட்டில் அந்த ஊர்த் தலைவர் புனித மாற்கின் முன் மண்டியிட்டு நீண்ட கோலைப் பிடித்திருப்பார். தென்னாட்டில் அந்தக் கோலைப் பனைமரம் என்றும், அவரைப் பனையேறுகிறவர் என்றும் பார்த்து அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். படம் எங்கிருந்து வந்தால் என்ன, பார்க்கிறவன் தன் ஊர்க் கண்ணால்தான் பார்ப்பான்.

நாகப்பட்டினத்தில் ஹாலந்துக்காரர்கள் அடித்தது டக்கட்டா என்று ஒருவர் இடையில் கேட்டிருந்தார். இல்லை. அங்கே நம் வழக்கத்துக்கு ஏற்ப வராகன் அடித்தார்கள். அங்கேயும் அதே புத்திதான் பாருங்கள், ஊரில் எது செல்லுமோ அதை அடி. 1781-ல் நாகை ஆங்கிலேயர் கைக்குப் போனது. அதனால் நாம் பேசும் நூற்றாண்டுக்கு அந்தக் கதை வராது.

2023 ஜனவரி 15

பீட்டர்ஸ்பர்க் மட்டும் இல்லை. 1830 நவம்பரில் போலந்து ரஷ்யாவுக்கு எதிராக எழுந்தபோது வார்சா அக்கசாலை கிளர்ச்சிக்காரர்கள் கையில் வந்தது. அவர்களும் என்ன அடித்தார்கள்? ஹாலந்து டக்கட்! 1831 வருடம் போட்டு, சிப்பாயின் தலையருகே மட்டும் ஒரு குட்டிக் கழுகு. போலந்தின் கழுகு. ஜாரும் அதே காசு, ஜாரை எதிர்த்தவனும் அதே காசு. ஆனால் இவர்கள் ஒளிக்கவில்லை, கழுகை வைத்துச் சொல்லிவிட்டார்கள்.

ஒரு ஏலத்தில் கழுகுக் காசு ஒன்றை நேரில் பார்த்தேன். கடுகளவுதான் இருந்தது. கையைத் தூக்கலாமா என்று நினைப்பதற்குள் விலை என் மாதச் சம்பளத்தைத் தாண்டிவிட்டது. கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

2023 ஜனவரி 16

நெதர்லாந்தின் பத்து கில்டர் தங்கக் காசு பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: அது வேறு ஜாதி. 6.729 கிராம், ஆயிரத்துக்கு 900. நான் இருக்கும் நெதர்லாந்தில் அதை 'டீன்ட்யே' என்பார்கள், குட்டிப் பத்து. 1875-ல் நாடு தங்கத்தையே பணத்துக்கு அடிப்படையாக்கியபோது அடித்தது ஏராளம். தங்க விலைக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும். 1892 வருடத்து வில்ஹெல்மினா ராணிக் காசு 61தான், 1895 வெறும் 149. அவற்றை நீங்கள் சந்தையில் கண்டால், காண்பது போலியை.

2023 பிப்ரவரி 5

முந்தைய குறிப்பில் பத்து கில்டர் வியாபாரக் காசு இல்லை என்ற அர்த்தம் வந்துவிட்டது. ஒரு கட்டத்தில் அதுவும் அப்படித்தான் இருந்தது, விட்டுவிட்டேன். 1847-ல் நெதர்லாந்து வெள்ளிதான் பணம் என்று சட்டம் போட்டது. 1850-ல் பழைய தங்கக் காசுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். தங்கம் முழுசாக ஒழியவில்லை. 'நெகோட்ஸி பென்னிங்', அதாவது வியாபாரக் காசு, என்ற பெயரில் ராஜா தலையோடு மூன்று அளவில் அடித்தார்கள். 'தங்க வில்லெம்', அதன் அரை, அதன் இரட்டை. மதிப்பு எழுத வேண்டிய இடத்தில் எடையையும் மாற்றையும் எழுதிவிட்டார்கள். கேள்வி கேட்டவர் கவனிக்க: மதிப்பு இல்லாத இன்னொரு நாணயம். 1850களின் தொடக்கத்தோடு நின்றுபோனது. யாரும் பெரிதாக வாங்கவில்லை, அதனால்தான் இன்று கிடைக்கவில்லை. டக்கட்டின் பக்கத்தில் இதை வைத்தால் பாவமாக இருக்கும். எடை, மாற்று எல்லாம் சரியாக எழுதியிருக்கிறது, ஆனால் வெளியூர்க்காரனுக்கு அந்த முகம் பழக்கமில்லை.

2023 மே 21

இன்னொரு 1849 வாங்கிவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன், அவள் இதைப் படிப்பதில்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புதியதில் சிப்பாயின் முழங்கால் கூர்மை, முகத்தில் மூக்கு தெரிகிறது. பழையதில் முகம் மழுங்கி, பொங்கலில் போட்ட முந்திரி மாதிரி. ஒன்று உத்ரெக்ட், ஒன்று பீட்டர்ஸ்பர்க் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் அதே அச்சு தேய்ந்தாலும் இப்படித்தான் இருக்கும். இங்கே பழைய வியாபாரி ஒருவரிடம் கொண்டு போனேன். உருப்பெருக்கியை மூன்று நிமிடம் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. கடைசியில் தோளைக் குலுக்கினார். "இரண்டுக்கும் ஒரே விலை தருகிறேன்" என்றார். பதில் அவ்வளவுதான்.

உத்ரெக்டில் பண அருங்காட்சியகம் இருந்தபோது நான் இந்த ஊருக்கு வரவில்லை. 2013-ல் மூடிவிட்டார்கள். இருந்திருந்தால் அங்கே போய்க் காட்டியிருப்பேன்.

2023 மே 28

உறை பற்றிக் கேட்டவருக்கு: பிளாஸ்டிக்கில் பி.வி.சி. இருந்தால் வேண்டாம், பச்சையாகப் பசை கசியும். நான் காகித உறைதான். முதல் காசின் உறையில் பென்சிலில் 'உத்ரெக்ட்' என்று எழுதியிருந்தேன். நவம்பரில் அதை அடித்துவிட்டு 'பீட்டர்ஸ்பர்க்?' என்று எழுதினேன். நேற்று அதையும் அழித்தேன். காகிதம் கிழிந்துபோனது, உறை மாற்ற வேண்டும்.

2024 பிப்ரவரி 11

கேள்வி கேட்டவர் ஒரு வருடத்துக்கு மேலாகி வந்திருக்கிறார். தம்பி மகளுக்குக் காதுகுத்தாம். அந்த டக்கட்டில் வளையம் பற்றவைத்துச் சங்கிலியில் கோர்த்துப் போடலாமா, ஆசாரி ரெடியாக இருக்கிறார் என்கிறார்.

ஐயா, வேண்டாம். என் காசின் தலையில் இருக்கும் காயத்தை இத்தனை நாள் எழுதிக்கொண்டிருக்கிறேனே. நெருப்பு பட்டால் சேகரிப்பவனுக்கு அது வெறும் பழைய தங்கம். காசைச் சுற்றிப் பிடிக்கும் சட்டம் ஒன்று செய்யச் சொல்லுங்கள். மேலே திருகு வைத்து, காசை உள்ளே நுழைத்து மூடுகிற மாதிரி. பொடியும் வேண்டாம், ஊதுகுழலும் வேண்டாம். மாமாவிடம் கேட்டேன், ஒன்றரை கிராமில் செய்யலாம் என்கிறார். காசின் குறுக்களவு 21 மில்லிமீட்டர் சுமார், ஆனால் உங்கள் காசையே அளந்து கொடுங்கள்.

அளக்கும்போது, முதலிலேயே கேட்டேனே, எழுத்துகளுக்கு நடுவே இருக்கும் குட்டி அடையாளங்கள், அங்கே கோலும் வாளும் இருக்கின்றனவா என்று அதையும் பார்த்து எழுதுங்கள்.